படியும் தரமும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத்துக்கென ஒதுக்கப்பட்ட இந்த நேரத்திலே பியானோ இசையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றால் உங்களிற் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மாத்தளையில் ஓர் இந்துக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் எனக்கும், எண்பத்தெட்டுக் கட்டைகள் கொண்ட அந்த மேலைநாட்டு வாத்தியத்துக்கும் என்ன உறவு? அந்த உறவு ஒரு சொல்லால் ஏற்பட்டது. "தரம்" என்பதே அந்தச் சொல்.

நம் பிள்ளைகள் பலர் இன்று பியானோ பயில்கிறார்கள். "என்ன படிக்கிறாய்?" என்று கேட்டால், "பாக் படிக்கிறேன்" என்றோ "மொசார்ட் படிக்கிறேன்" என்றோ எவரும் சொல்வதில்லை. "நான் கிரேட் நாலு" என்கிறார்கள். இந்த வாக்கியத்தைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். "நான் நாலாம் கிரேட்டுக்குரிய படைப்பை வாசிக்கிறேன்" என்பதல்ல அது. "நானே நாலு" என்பதாகும். இசைக்குப் போடப்பட்ட எண், இசையை விட்டிறங்கிப் பிள்ளையின் நெற்றியில் ஒட்டிக்கொள்கிறது. இது எப்படி நேர்ந்தது, அந்த எண் உண்மையில் எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்பவை பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

"கிரேட்" என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம் இலத்தீன் மொழியின் "கிராதுஸ்" என்ற சொல். அதன் பொருள் அடி எடுத்து வைத்தல், படி என்பதாகும். முசியோ கிளெமென்டி என்ற பியானோ மேதை நூறு பயிற்சிகளைக் கொண்ட தமது பெருநூலை 1817 முதல் 1826 வரை மூன்று பகுதிகளாக வெளியிட்டபோது, பர்னாசஸ் மலைக்குச் செல்லும் படி என்ற பொருளிலேயே அதற்குப் பெயர் வைத்தார். பர்னாசஸ் என்பது கிரேக்கரின் கலைத் தெய்வங்கள் உறையும் மலை. ஆக, கிரேட் என்பது ஏறுவதற்கான படி. கால் வைத்து ஏறிக் கடந்து செல்வதற்கு உரியது.

நாம் அதை எப்படித் தமிழாக்கினோம்? "தரம்" என்று ஆக்கினோம். பாடசாலையிலும் அப்படித்தான். முன்பு ஐந்தாம் வகுப்பு. பின்பு ஆண்டு ஐந்து. இப்போது தரம் ஐந்து. தமிழிலே தரம் என்ற சொல்லுக்குத் தகுதி, மேன்மை, மதிப்பு என்ற பொருள்கள் ஆழமாக வேரூன்றியிருக்கின்றன. "தரமான துணி" என்கிறோம். "தரங்கெட்ட பேச்சு" என்கிறோம். ஒரு பிள்ளையை "தரம் இரண்டு" என்னும்போது நம் காது அறியாமலே ஒரு மதிப்பீட்டைக் கேட்டுவிடுகிறது. படி என்று சொல்லியிருந்தால் அந்த எண்ணம் எழுந்திராது. இரண்டாம் படியில் நிற்பவன் ஏறிக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான். இரண்டாந் தரத்தவன் என்றாலோ அது வேறு கதை.

சரி, இந்தப் படிகளைக் கட்டியவர்கள் யார்? இலண்டனின் ட்ரினிட்டி கல்லூரி 1877 ஆம் ஆண்டில் இசைப் பரீட்சைகளைத் தொடங்கியது. 1889 ஆம் ஆண்டில் றோயல் அக்கடமி, றோயல் கல்லூரி என்ற இரு இசை நிறுவனங்களும் இணைந்து ஒரு பரீட்சைச் சபையை நிறுவின. இவ்விரண்டின் பரீட்சைகளும் நம் நாட்டிலும் நடைபெறுகின்றன. எட்டுத் தரங்கள். றோயல் சபையின் நேர்முகப் பரீட்சையிலே பிள்ளை மூன்று படைப்புகளை வாசிக்க வேண்டும்; ஒவ்வொன்றுக்கும் 30 புள்ளிகள். சுர வரிசைகளுக்கு 21, முதற்பார்வையில் வாசிப்பதற்கு 21, செவிப் பயிற்சிக்கு 18. மொத்தம் 150. நூறு எடுத்தால் சித்தி, 120 எடுத்தால் திறமைச் சித்தி, 130 எடுத்தால் அதிதிறமைச் சித்தி.

நம்முடைய கர்நாடக சங்கீதத்துக்கும் இதே போன்ற ஏணி ஒன்று இருக்கிறது. வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சைகளைப் பற்றி நீங்கள் அறிவீர்கள். முதலாந் தரத்திலிருந்து ஆசிரியர் தரம் வரையில் வாய்ப்பாட்டுக்கும், வீணைக்கும், வயலினுக்கும், மிருதங்கத்துக்கும், நடனத்துக்கும் அது படிகளை அமைத்திருக்கிறது. மலையகத்துப் பிள்ளைகளும் இப்பரீட்சைகளுக்குத் தோற்றிக் கலாவித்தகர் பட்டம் பெற்றிருக்கிறார்கள்.

இத்தகைய ஏணிகளை இகழ்ந்து பேசுவது என் நோக்கமன்று. மாத்தளையில் ஒரு சிறு அறையில் கற்கும் பிள்ளையும் கொழும்பில் வசதியோடு கற்கும் பிள்ளையும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுவது பெரிய காரியம். ஏணி இல்லாவிட்டால் சிபாரிசும் செல்வாக்குமே அளவுகோலாகும். மேலும், கைக்கு மீறிய படைப்பை அவசரப்பட்டுக் கொடுத்தால் பிள்ளையின் விரலும் மணிக்கட்டும் கெட்டுப்போகும். ஆகவே எது எளிது, எது கடினம் என்று முன்கூட்டியே தீர்மானிப்பது ஆசிரியரின் கடமையாகிறது.

அந்தத் தீர்மானம் எப்படிச் செய்யப்படுகிறது? எனக்கு விளங்கிய அளவில், ஒரு பியானோப் படைப்பிலே மூன்று வகைக் கடினங்கள் உள்ளன. கண்ணுக்குக் கடினம், கைக்குக் கடினம், காதுக்குக் கடினம்.

முதலாவது கண். மேலைநாட்டு இசை எழுத்திலே வாழும் இசை. எங்கள் மாத்தளை நகருக்கு அருகிலே அலுவிகாரை இருக்கிறது. வாய்மொழியாகப் பேணப்பட்டு வந்த பௌத்த திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டிலே ஓலையில் எழுதப்பட்டது அங்கேதான் என்பது மரபு. எழுதப்பட்ட பிறகு, ஆசிரியரின் குரலைக் கேளாதவனும் அதைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், பக்கங்களை எண்ணலாம், இது கடினம், இது எளிது என்று சொல்லலாம். மேலைநாட்டு இசைக்கும் நேர்ந்தது அதுவே. ஐந்து கோடுகளிலே எழுதப்பட்ட தாளைப் பார்த்தவுடனே, இசையைக் கேளாமலே ஓரளவு கடினத்தைக் கணித்துவிட முடிகிறது. சுரங்கள் நெருக்கமாக உள்ளனவா? ஆரம்பத்தில் எத்தனை கூர்ப்புக் குறிகள், எத்தனை தணிப்புக் குறிகள்? தாளம் இடையிலே மாறுகிறதா? இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை.

ஆனால் கண் சொல்வதைக் கை எப்போதும் ஒப்புக்கொள்வதில்லை. இதற்கு அழகான ஓர் உதாரணம் உண்டு. எல்லோரும் முதலில் கற்பது வெள்ளைக் கட்டைகள் மாத்திரம் வரும் சி மேஜர் சுரவரிசை. தாளிலே ஒரு குறிகூட இல்லை. கண்ணுக்கு அதைவிட எளிது வேறில்லை. ஆனால் போலந்தில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த மேதையான ஷொப்பான், தம் மாணாக்கருக்கு முதலிற் கற்பித்தது அதுவன்று. ஐந்து கறுப்புக் கட்டைகளும் வருகின்ற பி மேஜர் வரிசையையே முதலிற் கொடுத்தார். காரணம் என்ன? நம் கையின் நீண்ட விரல்கள் நடுவில் இருக்கின்றன. உயர்ந்திருக்கும் கறுப்புக் கட்டைகளில் அந்த நீண்ட விரல்கள் இயல்பாகப் பொருந்தி உட்காருகின்றன. எல்லாம் சமதளமாக இருக்கும் வெள்ளைக் கட்டைகளில் கட்டைவிரலை உள்ளே நுழைத்துச் செல்வதுதான் உண்மையிற் கடினம். கண்ணுக்கு எளிதானது கைக்குக் கடினம். கண்ணுக்குக் கடினமானது கைக்கு எளிது.

கையின் கடினங்கள் இன்னும் பல. பியானோவிலே ஒரு ஸ்தாயியின் அகலம் ஏறத்தாழ பதினாறரை சென்ரிமீற்றர். ஏழு வயதுப் பிள்ளையின் கை அதை எட்டாது. ஆகவே ஆரம்பத் தரங்களிலே அந்த அகலத்தைக் கேட்கும் படைப்புகள் தவிர்க்கப்படுகின்றன. வளர்ந்தவர்களிலும் சிறிய கையினர் உண்டு. ஜோசப் ஹொஃப்மான் என்ற உலகப் புகழ் பெற்ற கலைஞருக்குக் கை சிறிதாக இருந்தபடியால், ஸ்டெயின்வே நிறுவனம் சற்றே ஒடுங்கிய கட்டைகளோடு அவருக்குப் பியானோ செய்து கொடுத்தது. அப்படியாயின் கடினம் என்பது படைப்பிலே மாத்திரம் இருப்பதன்று, படைப்புக்கும் கைக்கும் இடையில் இருப்பது என்பது தெளிவாகிறதல்லவா? ஒரே தரம் என்று அச்சிடப்பட்ட இரு படைப்புகள் ஒரே பிள்ளைக்கு ஒரே கடினமாக இருப்பதில்லை.

அடுத்து, இரு கைகளும் வெவ்வேறு வேலை செய்வது. யொஹான் செபஸ்டியன் பாக் 1723 ஆம் ஆண்டிலே பதினைந்து சிறு படைப்புகளை இரண்டு குரல்களுக்காகவும், இன்னொரு பதினைந்தை மூன்று குரல்களுக்காகவும் தொகுத்து எழுதினார். இரண்டு குரல்களுக்குரியவற்றை வாசிப்பவர் பெரும்பாலும் ஒரு கைக்கு ஒரு சுரத்தையே அழுத்துகிறார். எண்ணிப் பார்த்தால் சுரங்கள் குறைவு. ஆனால் வலக்கை சொன்னதை இடக்கை திருப்பிச் சொல்லும். இடக்கை சொல்லி முடிக்கும் முன்பே வலக்கை வேறொன்று தொடங்கிவிடும். இரண்டும் சமமான குரல்கள். ஒன்று மற்றொன்றுக்குப் பக்கவாத்தியம் அல்ல. இங்கேதான் மூன்றாவதான காதின் கடினம் வருகிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசும்போது இருவரையும் விளங்கிக்கொள்ளும் காது வேண்டும். அதைத் தாளில் எண்ண முடியாது.

இன்னொரு நுட்பம், ஒரு படைப்பின் தரத்தைத் தீர்மானிப்பது அதன் ஆகக் கடினமான இடம். பீத்தோவன் 1810 இல் எழுதி, அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளின் பின் 1867 இல் வெளியான "எலீஸுக்காக" என்ற சிறு படைப்பை அறியாதவர் இல்லை. அதன் தொடக்கத்தை இரண்டு வருடம் படித்த பிள்ளையும் வாசித்துவிடும். ஆனால் நடுவிலே திடீரென்று விரைந்தோடும் ஒரு பகுதியும், இடக்கை ஒரே சுரத்தை விடாது அடித்துக்கொண்டிருக்கும் ஒரு பகுதியும் வருகின்றன. பிள்ளைகள் பலர் அங்கே நின்றுவிடுகிறார்கள். தொடக்கத்தைப் பார்த்துத் தரம் போட்டால் படைப்பை அறியாதவர் ஆவோம். ஆற்றின் ஆழத்தைக் கரையில் நின்று சொல்ல முடியாது.

ஜேர்மனியின் ஹென்லே பதிப்பகம் தான் வெளியிடும் பியானோ நூல்களுக்கு ஒன்று முதல் ஒன்பது வரை கடின எண் கொடுத்திருக்கிறது. அதைச் செய்தவர் ரோல்ஃப் கோனென் என்ற பியானோப் பேராசிரியர். ஒரு குழு அல்ல, ஒரு மனிதர். அவர் தமது முறையை விளக்கும்போது, வேகமான சுரங்கள் எத்தனை என்பதை மாத்திரம் பார்க்கவில்லை என்கிறார். அமைப்பின் சிக்கல், தாளத்தின் சிக்கல், முதற்பார்வையில் தாளை வாசிக்கும் சிரமம், படைப்பின் கட்டமைப்பை விளங்கிக்கொள்ளும் சிரமம் ஆகியவற்றையும் சேர்த்தே எடைபோட்டிருக்கிறார். இலக்கண ஆசிரியர் ஒருவர் செய்யுளை அலகிட்டபின், அதன் பொருளையும் எடைபோட முயல்வது போன்ற வேலை இது. நேர்மையான முயற்சி. ஆனாலும் இறுதியில் கிடைப்பது ஓர் எண்தான்.

அந்த எண் தடுமாறும் இடங்களுக்கு இப்போது வருகிறேன். வொல்ஃப்காங் மொசார்ட் 1788 ஆம் ஆண்டிலே சி மேஜரில் ஒரு சிறிய சொனாட்டாவை எழுதித் தம் பட்டியலில் "தொடக்க மாணாக்கருக்கு" என்று குறித்து வைத்தார். வெள்ளைக் கட்டைகளில் ஓடும் தெளிந்த நீரோடை அது. உலகெங்கும் பிள்ளைகள் அதை வாசிக்கிறார்கள். ஆனால் பெரிய கலைஞர்கள் மொசார்ட்டை மேடையில் வாசிக்கத் தயங்குகிறார்கள். ஆர்தர் ஷ்னாபெல் என்ற மேதை இதைப் பற்றிச் சொன்னது புகழ்பெற்றது: மொசார்ட்டின் சொனாட்டாக்கள் பிள்ளைகளுக்கு மிக எளிதானவை, கலைஞர்களுக்கோ மிகக் கடினமானவை என்ற கருத்துப்பட அவர் கூறினார். ஏன்? மறைந்துகொள்ள அங்கே இடமில்லை. பெருவெள்ளமாகச் சுரங்கள் பாயும் படைப்பிலே ஒரு சுரம் பிசகினால் எவருக்கும் தெரியாது. மொசார்ட்டில் ஒரு சுரம் சற்றே அழுத்தமாக விழுந்தாலும் வெள்ளைத் துணியில் மை பட்டதுபோல் தெரியும்.

நமக்கு இது புதியதா? திருக்குறளை நினைத்துப் பாருங்கள். ஏழு சீர். பாலர் வகுப்பிலே மனனம் செய்விக்கிறோம். ஐந்து வயதுப் பிள்ளை தடையின்றிச் சொல்கிறது. அதே குறளுக்குப் பரிமேலழகர் உரை எழுதினார், அவருக்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர் எழுதினார்கள், இன்றும் எழுதுகிறார்கள். குறள் எந்தத் தரத்துக்குரியது? முதலாந் தரமா, பட்டப் படிப்பா? நீளத்தை வைத்துச் சொன்னால் ஒரு விடை; பொருளை வைத்துச் சொன்னால் மற்றொரு விடை. இரண்டும் சரியானவை.

ரொபர்ட் ஷூமானின் கதை இதனோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டியது. அவர் இளமையில் பெரும் மேடைக் கலைஞராக வேண்டுமென்று கனவு கண்டவர். ஆனால் வலக்கை விரல் செயலிழந்துபோனது. அதற்குக் காரணம் விரலை வலுப்படுத்தச் செய்த கடும் முயற்சி என்பாரும், வேறு நோய் என்பாரும் உளர். எவ்வாறாயினும் அந்த வழி அடைபட்டது. அந்த மனிதர்தாம் 1838 இல் "குழந்தைப் பருவக் காட்சிகள்" என்ற பதின்மூன்று சிறு படைப்புகளை எழுதினார். அவை குழந்தைகள் வாசிப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. வளர்ந்தவர் தம் குழந்தைப் பருவத்தை நினைப்பதற்கானவை. அதில் ஏழாவது, "கனவுநிலை" என்று பொருள்படும் படைப்பு. இருபத்துநான்கே அளவைகள். மெதுவானது. மெதுவானது எளிது என்று நினைத்து அதைத் தொட்டவர்கள் திகைக்கிறார்கள். உள்ளே பல குரல்கள் பின்னிக் கிடக்கின்றன. கை எட்டாத இடைவெளிகள் இருக்கின்றன. ஒரே ஏற்றம் மீண்டும் மீண்டும் வருகிறது. ஒவ்வொரு முறையும் வேறு உணர்வோடு வரவேண்டும். 1986 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், அறுபது ஆண்டுகளுக்கு மேல் தாய்நாட்டைப் பிரிந்திருந்த விளாதிமிர் ஹொரோவிட்ஸ் மொஸ்கோவுக்குத் திரும்பி வாசித்தபோது, இந்தச் சிறு படைப்பையும் வாசித்தார். சபையிலிருந்தோர் கண்ணீர் விட்டார்கள். அதைப் படக்காட்சியாக இன்றும் பார்க்கலாம். எண்பதைத் தாண்டிய அந்த முதியவரின் விரல்கள் எந்த வித்தையும் காட்டவில்லை.

பத்தாண்டு கழித்து, 1848 இல், ஷூமான் உண்மையாகவே பிள்ளைகளுக்காக எழுதினார். தம் மூத்த மகளின் பிறந்தநாளுக்காகத் தொடங்கியது, நாற்பத்து மூன்று படைப்புகள் கொண்ட இளைஞர் தொகுப்பாக வளர்ந்தது. இசை மாணாக்கருக்கென அவர் எழுதிய அறிவுரைகளிலே ஒன்று, கடினமான படைப்பை நடுத்தரமாக வாசிப்பதைவிட எளிதானதை நன்றாகவும் அழகாகவும் வாசிக்க முயல்வதே மேல் என்பதாகும். கையைப் பறிகொடுத்தவரின் அறிவுரை என்பதால் இதற்குத் தனி எடை இருக்கிறது.

கடினத்தையே குறிக்கோளாகக் கொண்ட படைப்புகளும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ரஷ்யரான பலாகிரேவ் 1869 இல் எழுதிய "இஸ்லாமே" என்ற படைப்பைவிடக் கடினமான ஒன்றை எழுதவேண்டும் என்று எண்ணியே பிரெஞ்சுக்காரரான ராவெல் 1908 இல் "இரவின் கஸ்பார்" என்பதை எழுதினார். வாசிப்பவரிலும் அத்தகைய வீரம் உண்டு. சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் 2019 ஆம் ஆண்டிலே அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில், ரிம்ஸ்கி கோர்சகோவின் வண்டுப் பறப்பை முதலில் நிமிடத்துக்கு 208 தட்டு வேகத்திலும் பின்பு 325 தட்டு வேகத்திலும் வாசித்து உலகையே வியக்கவைத்ததும், பத்து லட்சம் டொலர் பரிசு வென்றதும் நமக்கெல்லாம் பெருமை. நம்மிடமும் சித்திரகவி இருக்கிறது, அவதானம் இருக்கிறது. மனித ஆற்றலின் எல்லையைக் காட்டுவதும் கலையின் ஒரு பணியே. ஆனால் சித்திரகவி மாத்திரமே கவிதை என்று எவரும் சொல்வதில்லை.

எங்கள் நகரிலே நீண்ட காலமாகப் பியானோ கற்பிக்கும் ஓர் அம்மையார் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் "மிஸ்". என் மகளும் அவரிடந்தான் பயில்கிறாள். ஒரு நாள் அங்கே காத்திருந்தபோது, ஐந்தாந் தரத்தில் சித்தியடைந்த ஒரு சிறுமியின் தந்தை மனத்தாங்கலோடு கேட்டார்: "மிஸ், மகள் அஞ்சாம் கிரேட் பாஸ் பண்ணிட்டாளே. ஏன் மறுபடியும் சின்னப் பிள்ளைங்க வாசிக்கிறதக் குடுக்கிறீங்க?" அவர் கொடுத்திருந்தது நான் சற்று முன்பு சொன்ன ஷூமானின் இளைஞர் தொகுப்பிலே முதலாவதாக வரும் சிறு மெல்லிசை. மிஸ் கோபிக்கவில்லை. "இவ்வளவு நாளும் மகள் பரீட்சைக்கு வாசிச்சா. இத நமக்கு வாசிக்கட்டுமே" என்றார்.

சிறுமி வாசித்தாள். சுரங்கள் எல்லாம் சரி. ஆனால் இடக்கை வலக்கையை மூடிக்கொண்டிருந்தது. மிஸ் இடக்கைப் பகுதியைத் தாம் எடுத்துக்கொண்டு, வலக்கையைப் பாடவைத்தார். பிறகு இரண்டையும் சேர்க்கச் சொன்னார். முக்கால் மணி நேரம் போனது. முடிவிலே நான்கு வரி மாத்திரம் பாட்டுப் போலக் கேட்டது. தந்தைக்கும் அது கேட்டது என்பதை அவர் முகத்திலே கண்டேன்.

இது ஏன் முக்கியம் என்றால், எட்டாந் தரச் சான்றிதழ் சுவரில் தொங்க, பியானோவின் மூடியைத் திறக்காத வீடுகளை நான் அறிவேன். வருடத்துக்கு மூன்று படைப்புகள் என்று எட்டுத் தரத்துக்கு இருபத்து நான்கு படைப்புகளை மாத்திரம் பயின்று, இருபத்தைந்தாவதை எடுத்து வாசிக்க மனமில்லாமற் போன பிள்ளைகள் அவர்கள். ஏறுவதற்கு இனிப் படி இல்லை என்றவுடன் ஏறுவதை நிறுத்திவிட்டார்கள். படைப்பின் தரத்தைத் தம் தரமாக எண்ணியதன் விலை இது. தமிழிலும் இதே இழப்பு உண்டு. சாதாரண தரப் பரீட்சை எழுதிய மறுநாள், "இலக்கியம் முடிஞ்சுது சேர்" என்று சொல்லும் மாணாக்கரை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவர்கள் சொல்வது பாடத்திட்டத்தைத்தான். ஆயினும் அந்தச் சொல் நெஞ்சில் தைக்கிறது.

நம் முன்னோர் இதை எப்படிக் கையாண்டார்கள்? திண்ணைப் பள்ளியின் ஏணியைப் பாருங்கள். ஆத்திசூடி, ஓரிரு சொற்கள். கொன்றைவேந்தன், ஓர் அடி. பின்பு மூதுரையும் நல்வழியும், நாலடி வெண்பா. மூச்சின் நீளத்துக்கு ஏற்ப அமைந்த ஏணி இது. நாவுக்கு எளிதானது முன்னே, கடினமானது பின்னே. ஆனால் பொருளிலே அப்படி ஒரு வரிசை இல்லை. ஆத்திசூடியின் இரண்டு சொல் ஒரு மனிதனின் ஆயுளுக்கும் போதும். சங்கீதத்திலும் அவ்வாறே. புரந்தரதாசர் வகுத்ததாக மரபு கூறும் பாலபாடம் மாயாமாளவகௌளை இராகத்திலே தொடங்குகிறது. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனை என்று படிகள் உயர்கின்றன. மேலே ஏறிய பின்பு பார்த்தால், முத்துசுவாமி தீட்சிதரின் முதற் கீர்த்தனை என மரபு போற்றுவதும் அதே மாயாமாளவகௌளையில்தான் இருக்கிறது. முதற்படியில் வைத்த கால் இறுதிவரை அகலுவதில்லை.

ஹங்கேரி நாட்டு பேலா பார்டோக் இந்த இரகசியத்தை அறிந்தவர். 1926 முதல் 1939 வரை 153 சிறு படைப்புகளை ஆறு தொகுதிகளாக எழுதினார். ஒரே சுரத்தை இரு கைகளும் சேர்ந்து வாசிக்கும் நிலையில் தொடங்கி, மேடைக் கலைஞருக்குரிய நடனங்களில் முடிகிறது அந்நூல். முதல் இரு தொகுதிகளையும் தம் இளைய மகனுக்குக் காணிக்கையாக்கினார். ஆறாவது தொகுதியைப் போலவே முதலாவது தொகுதியிலும் பார்டோக் முழுமையாக இருக்கிறார். எளிதானதைக் கொடுத்தார், மலிவானதைக் கொடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு எழுதுவோர் அனைவரும் கருதத்தக்க செய்தி இது.

பரீட்சை நடத்துவோரும் இவற்றை உணராமல் இல்லை. முதற்பார்வை வாசிப்புக்குக் கொடுக்கப்படும் பகுதி அத்தரத்துப் படைப்புகளைவிட எளிதாகவே இருக்கும். பயிற்சிக் காலம் குறைந்தால் கடினம் கூடும் என்பதை அது ஏற்றுக்கொள்கிறது. 2020 ஆம் ஆண்டிலே றோயல் சபை, நான்கு படைப்புகளை வீட்டிலிருந்தே வாசித்துப் பதிவுசெய்து அனுப்பும் பரீட்சையையும் தொடங்கியது. அதிலே நான்கு படைப்புகளுக்கும் தலா 30 புள்ளிகள். மிகுதி 30 புள்ளிகள் நிகழ்ச்சி முழுவதற்கும். துண்டு துண்டாக அளந்தபின்னும் அளக்கப்படாமல் எஞ்சும் ஒன்றுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். மாத்தளைப் பிள்ளைக்குக் கண்டிக்கும் கொழும்புக்கும் அலையும் செலவும் இதனால் மிச்சம்.

ஆகவே பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். எண்ணை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. எண்ணைப் படைப்பின் மேலேயே விட்டுவிடுங்கள் என்கிறேன். ஒரு படைப்பைக் கொடுக்கும் முன், இதன் கடினம் கண்ணிலா, கையிலா, காதிலா என்று கேளுங்கள். கைக்குக் கடினமான ஒன்றோடு காதுக்குக் கடினமான எளிய ஒன்றையும் எப்போதும் சேர்த்துக் கொடுங்கள். வருடத்துக்கு மூன்று படைப்பு என்ற கணக்கைத் தாண்டி, இரண்டு படி கீழே உள்ளவற்றைப் பிள்ளை தானே எடுத்து வாசிக்க விடுங்கள். தமிழாசிரியராகிய நாங்களும் பத்தாந் தரத்து மாணாக்கனிடம் ஆத்திசூடியை மீண்டும் கொடுத்து, இப்போது இது உனக்கு என்ன சொல்கிறது என்று கேட்கத் தயங்கக்கூடாது.

எங்கள் மாத்தளை மாவட்டத்திலே சிகிரியாக் குன்று இருக்கிறது. அதன் உச்சிக்குச் செல்ல நூற்றுக்கணக்கான படிகள். மக்கள் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கி வருகிறார்கள். ஆனால் அந்தக் குன்றுக்கு இலக்கிய வரலாற்றிலே இடம் கிடைத்தது உச்சியால் அன்று. பாதி வழியிலே கண்ணாடிபோல் மெருகிட்ட சுவர் ஒன்று உண்டு. எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை அங்கே ஏறிய சாதாரண மனிதர்கள் பலர், ஓவியத்து மாதரைக் கண்டு, நின்று, அந்தச் சுவரிலே சிங்களக் கவிதைகளைக் கீறிவைத்தார்கள். பேராசிரியர் செனரத் பரணவிதான அவற்றுள் 685 கவிதைகளைப் படித்து 1956 இல் பதிப்பித்தார். அவர்களுள் யார் உச்சிவரை போனார்கள், யார் பாதியில் திரும்பினார்கள் என்று இன்று யாரும் கேட்பதில்லை. நின்ற படியிலே அவர்கள் பாடினார்கள், பாட்டு நிலைத்தது.

நம் பிள்ளைகளும் எந்தப் படியில் நின்றாலும் அங்கே நின்று பாடட்டும்.